புற்றுநோய்க் கணக்கில் விடுபடுவோர்

புது தில்லி: ஆண்டுதோறும் எத்தனை பேருக்குப் புற்றுநோய் என்று நாடாளுமன்றத்தில் கேட்டால், மத்திய சுகாதார அமைச்சகம் தருவது மதிப்பீடுதான்; எண்ணிக்கை அல்ல. 2022-க்குச் சொல்லப்பட்ட 14.61 லட்சமும் அத்தகையதே.

இதற்கு ஆதாரம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1981-இல் தொடங்கிய தேசிய புற்றுநோய்ப் பதிவுத் திட்டம். அதன் 2020 அறிக்கைக்குத் தகவல் தந்த 28 மக்கள்தொகைப் பதிவகங்கள் எட்டியது மக்களில் சுமார் 10 சதவீதத்தினரை மட்டுமே. ஆயினும், மிஸோரமின் ஐஸாலில் ஆண்களிடையே லட்சத்துக்கு 269 பேர் என்ற, நாட்டிலேயே மிக அதிகமான விகிதத்தை அந்த அறிக்கை பதிவு செய்தது. ஆய்வாளர் எங்கே தேடவேண்டும் என்பதை இத்தகைய எண்களே காட்டுகின்றன. பதிவகம் இல்லாத மாவட்டத்திலோ, நோய் இருந்தும் இல்லாததாகிறது.

புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழு 2022-இல் பரிந்துரைத்தது. தொற்றுநோய் அல்லவே என்றது அமைச்சகம். சில மாநிலங்கள் தாமாகவே அவ்வாறு அறிவித்துள்ளன. பாம்புக்கடியும் தொற்றுவதில்லை; அதைக் கட்டாயம் தெரிவிக்கச் செய்யுமாறு 2024 நவம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது இதே அமைச்சகம்தான்.