ரசீது கொடுத்தாச்சு, சரக்கு எங்கே?

"நொடிக்கு இத்தனை லட்சம் மெசேஜ்" என்று மார்தட்டும் ஸ்லைடைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லட்சம் இருக்கட்டும் சாமி, கரண்ட் போனா எத்தனை மிஞ்சும்? அதை மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க.

மெசேஜ் கியூ என்பது ரிஜிஸ்டர் தபால் கவுண்ட்டர் மாதிரி. கொடுத்தவர் ரசீதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுகிறார். அந்த ரசீதுக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் அத்தனை கோல்மாலும்.

காஃப்காவை எடுத்துக்குங்க. 'ஆக்ஸ்' 0 என்றால் ரசீதே கிடையாது. 1 என்றால் லீடர் மட்டும் வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் நகல் எடுப்பதற்குள் அவர் மண்டையைப் போட்டால் மெசேஜும் போச்சு. 2021-ல் 3.0 வரும்வரை, நாம் எதையும் மாற்றாவிட்டால் இதுதான் கிடைக்கும்! அப்புறம்தான் 'ஆல்' ஆக்கினார்கள்.

'ஆல்'தான் வந்தாச்சே என்பீர்கள். அந்த நேரத்தில் லீடருக்கு ஈடுகொடுத்து வருகிற நகல்கள் மட்டும்தான் அந்த 'எல்லாரும்'. மற்றதெல்லாம் பின்தங்கிவிட்டால் லீடர் ஒருத்தரே எல்லாரும்! 'மின்.இன்சிங்க்.ரெப்ளிகாஸ்' என்பதைச் சும்மா விட்டால் 1. மூன்று நகல் வைத்திருப்பவர்கள் அதை 2 ஆக்காதவரை இந்தக் கூத்து தொடரும்.

அதுமட்டுமில்லை, டிஸ்க்கில் எழுதி முடிக்கிறவரை காஃப்கா காத்திருப்பதில்லை. அந்த வேலையை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் விட்டுவிடுகிறது. நகல்கள் வேறு வேறு மெஷினில் இருப்பதுதான் பாதுகாப்பு. மூன்றையும் ஒரே கரண்ட் லைனில் மாட்டிவிட்டு "மூணு காப்பி இருக்கு" என்பது, மூணு சாவியையும் ஒரே பையில் போட்டுத் தொலைக்கிற கதை.

ராபிட்எம்க்யூவின் கிளாசிக் கியூவிலும் இதே கூத்துதான். கியூவை 'டியூரபிள்' ஆக்கினால் போதாது, மெசேஜையும் 'பெர்சிஸ்டென்ட்' என்று குறிக்கணும். இல்லாட்டி ரீஸ்டார்ட் ஆனதும் பானை பத்திரமாக இருக்கும், சோறு இருக்காது.

வேகமே வேண்டாம் என்று சொல்லவில்லைங்க. கிரிக்கெட் ஸ்கோரோ வண்டியின் ஜிபிஎஸ்ஸோ ஒன்று தொலைந்தால் அடுத்தது வந்துவிடும். பணம் கட்டிய தகவல் தொலைந்தால் வராது. அதற்காக ஒவ்வொன்றாக எழுதி அழவும் வேண்டாம். நூறைச் சேர்த்து ஒரே தடவையில் டிஸ்க்குக்கு அனுப்பினால் செலவு நூறாகப் பிரியும். ரசீது சில மில்லிசெகண்ட் தாமதமாகும், அவ்வளவுதான்.

அந்தச் சில மில்லிசெகண்டை மிச்சம் பிடித்து நாம் கைதட்டல் வாங்குகிறோம். பணம் போய் டிக்கெட் வராமல் நிற்பது வேறு யாரோ. அடுத்தவர் காசில் வாங்கின வேகத்துக்குப் பேர் சாதனையா?

இனி யாராவது பெஞ்ச்மார்க் காட்டினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "ஓடிக்கிட்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தீங்களா?"