வேற்றுக்கிரகக் கப்பலுக்கு லேப்டாப்பில் இருந்து வைரஸ் அனுப்ப முடியுமா?

சினிமாவில் கம்ப்யூட்டர் செய்யும் அட்டகாசங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் இந்தப் படத்தை இழுத்து விடுவார். 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த ‘இன்டிபென்டன்ஸ் டே’. ரோலண்ட் எமெரிக் இயக்கிய ஹாலிவுட் படம். ஏறக்குறைய என் வயதுள்ள படம். இன்றும் எங்கள் அலுவலகத்தில் மதிய சாப்பாட்டு நேரத்தில் இதை வைத்துச் சண்டை நடக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். வேற்றுக்கிரகவாசிகள் ராட்சதக் கப்பல்களில் வந்து உலக நகரங்களை அழிக்கிறார்கள். அவர்களது கப்பல்களைச் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத கவசம் இருக்கிறது. அணுகுண்டு போட்டும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஜெஃப் கோல்ட்ப்ளம் நடித்த டேவிட் என்ற பாத்திரம் ஒரு யோசனை சொல்கிறது. தாய்க்கப்பலுக்குள் நுழைந்து அங்குள்ள கம்ப்யூட்டருக்கு ஒரு வைரஸை அனுப்பிவிட்டால் கவசம் இறங்கிவிடும். ஒரு ஆப்பிள் பவர்புக் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறார்கள். வைரஸ் ஏறுகிறது. கப்பலின் திரையில் ஒரு மண்டையோடு சிரிக்கிறது. உலகம் பிழைக்கிறது.

இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. “சினிமாதானே, இதில் போய் லாஜிக் பார்க்கலாமா?” என்பது முதல் கட்சி. “படம் முழுக்க ஓட்டை, பார்க்கவே முடியாது” என்பது இரண்டாம் கட்சி. இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்கு இந்தச் சண்டையில் ஒரு லாபம் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எது ஓட்டை, எது ஓட்டை இல்லை?

அறிவியல் புனைகதைப் படத்துக்கு ஒரு பெரிய பொய்யை நாம் இலவசமாகக் கொடுத்துவிட வேண்டும். வேற்றுக்கிரகவாசிகள் இருக்கிறார்கள், வருகிறார்கள். சரி, ஒப்புக்கொண்டோம். இதைக் கேள்வி கேட்பவர் டிக்கெட் வாங்கியிருக்கவே கூடாது. அந்தப் பொய்க்குப் பிறகு படம் தன் விதிகளைத் தானே மீறாமல் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

அப்படிப் பார்த்தாலும் எல்லாத் தவறும் ஒரே எடை இல்லை. ஓர் உதாரணம். தாய்க்கப்பலின் விட்டம் 550 கிலோமீட்டருக்கு மேல், நிறை சந்திரனில் கால் பங்கு என்று படத்தின் தொடக்கத்தில் ஒருவர் சொல்கிறார். சந்திரனின் விட்டம் 3,474 கிலோமீட்டர். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 550 கிலோமீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைக்குள் அவ்வளவு நிறையை அடைத்தால், அந்தக் கப்பல் தங்கத்தைவிடப் பத்து மடங்கு அடர்த்தியாக இருக்க வேண்டும். அதுவும் உள்ளே காலி இடமே இல்லாமல்! ஆனால் படத்தில் உள்ளே விமானம் ஓட்டுகிறார்கள். அது மட்டும் அல்ல. அப்படி ஒரு கப்பல் சந்திரனின் தூரத்தில் பாதிக்கு வந்தாலே, சந்திரனைப் போல இரண்டு மடங்கு கடலை இழுக்கும்.

இது தவறுதான். ஆனால் கதையில் யாரும் இந்த எண்ணை நம்பி எதுவும் செய்வதில்லை. “பெரிய கப்பல்” என்று மட்டும் சொல்லியிருந்தால் பிரச்சினையே இல்லை. இது எண் பிழை. விட்டுவிடலாம்.

வைரஸ் விஷயம் அப்படி இல்லை. உலகம் பிழைப்பதே அதனால்தான். அதை எடுத்துவிட்டால் படத்துக்கு முடிவே கிடையாது. ஆகவே அங்கேதான் கறாராக இருக்க வேண்டும்.

வைரஸ் என்பது ஒரு புரோகிராம், அவ்வளவுதான்

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் உள்ள ஒரு கேமை அப்படியே விண்டோஸ் கம்ப்யூட்டரில் காப்பி செய்து டபுள் கிளிக் செய்து பாருங்கள். ஓடாது. இரண்டுமே பூமியில்தான் செய்யப்பட்டவை. ஒரே மேஜை மீதுதான் இருக்கின்றன. இருந்தும் ஓடாது. ஏன்?

புரோகிராம் என்பது ஒரு பிராசசருக்குக் கொடுக்கும் கட்டளைகளின் பட்டியல். ஒவ்வொரு வகை பிராசசருக்கும் கட்டளை மொழி வேறு. அதற்கு மேல் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்ற நிர்வாகி இருக்கிறார். பைலை எப்படித் திறப்பது, மெமரியை எப்படிக் கேட்பது என்பதற்கு அவரவர் முறை. இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேச வேண்டுமானால் எந்த வயர், எந்த மின்னழுத்தம், எந்த வரிசையில் வணக்கம் சொல்வது என்று முன்பே ஒப்பந்தம் இருக்க வேண்டும். வைரஸும் ஒரு புரோகிராம்தான். அதற்கு இந்த விதிகளில் இருந்து எந்தச் சலுகையும் கிடையாது.

நடந்த கதைகளைப் பாருங்கள். 1988 நவம்பரில் ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் விட்ட ‘மோரிஸ் வோர்ம்’ அன்றைய இன்டர்நெட்டையே திணற வைத்தது. ஆனால் அது தாக்கியது வாக்ஸ், சன்-3 என்ற இரண்டு வகை கம்ப்யூட்டர்களை மட்டும்தான். பக்கத்திலேயே இருந்த மற்ற வகை கம்ப்யூட்டர்களை அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

2010-இல் கண்டுபிடிக்கப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெட்’ இன்னும் நல்ல உதாரணம். ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தில் யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுப்பதற்காக எழுதப்பட்டது. அங்கு இன்டர்நெட் இணைப்பு கிடையாது. பென் டிரைவ் மூலம் பரவும்படி செய்தார்கள். அந்த வைரஸை எழுதியவர்களுக்கு விண்டோஸில் யாருக்கும் தெரியாத ஓட்டைகள் தெரிந்திருந்தன. எந்த சீமென்ஸ் கன்ட்ரோலர், அதில் எந்த மோட்டார் டிரைவ், அது எந்த வேகத்தில் சுழலும் என்பது வரை தெரிந்திருந்தது. அந்த அமைப்பு இல்லாத இடத்தில் ஸ்டக்ஸ்நெட் சும்மா படுத்துக்கொள்ளும். பூமியில் மனிதன் செய்த ஒரு இயந்திரத்தைக் கெடுக்கவே இவ்வளவு உள்விவரம் தேவைப்பட்டது. டேவிட் ஒரே நாளில் வேற்றுக்கிரகக் கம்ப்யூட்டருக்கு எழுதிவிடுகிறார்!

ரசிகர்கள் சொல்லும் சமாதானம்

படத்தின் ரசிகர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். படத்தின் கதைப்படி, பல ஆண்டுகளுக்கு முன் ராஸ்வெல் என்ற இடத்தில் விழுந்த ஒரு சிறிய வேற்றுக்கிரகக் கப்பலை அமெரிக்க அரசு ‘ஏரியா 51’ என்ற ரகசிய இடத்தில் வைத்திருக்கிறது. அரை நூற்றாண்டு அதை ஆராய்ந்துதான் நம் கம்ப்யூட்டர்களே உருவாயின, அதனால்தான் லேப்டாப் ஒத்துப்போகிறது என்பது வாதம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் படமே இதை முறியடித்துவிடுகிறது. அந்தக் கப்பலுக்கு எங்களால் மின்சக்தி தர முடியவில்லை, தாய்க்கப்பல் வந்த பிறகுதான் உள்ளே இருப்பவை தாமாக உயிர் பெற்றன என்று அங்குள்ள விஞ்ஞானியே சொல்கிறார். சுவிட்ச் போடவே முடியாத கம்ப்யூட்டரில் இருந்து சாப்ட்வேரை எப்படிக் கற்றுக்கொள்வது? ஆக, இது ஓட்டைதான். தன் விதியைத் தானே மீறிய, கதையையே தாங்கி நிற்கும் ஓட்டை.

இந்த இடத்தில் நம் ‘எந்திரன்’ படத்தை (2010) ஒப்பிடலாம். சிட்டி ரோபோ தன் மெமரி 1 ஜெட்டாபைட் என்று சொல்லும். அதாவது 100 கோடி டெராபைட். ஒரு மனித உருவத்துக்குள் அவ்வளவையும் அடைக்க முடியாது. ஆனால் இது தாய்க்கப்பலின் நிறையைப் போல எண் பிழைதான். கதையைத் தாங்கும் இடம் சிவப்பு சிப். அதைச் சிட்டிக்குள் வைப்பவர் போரா. அவரும் ரோபோ விஞ்ஞானி, வசீகரனுக்கே குரு. சிட்டியின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளக்கூடியவர். ஆகவே அந்த இடம் ஒட்டுகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஹாலிவுட்டைவிட நாம் யோக்கியம்.

படம் சரியாகச் சொன்ன இடம்

இரண்டாம் கட்சிக்காரர்களுக்கு இப்போது ஒரு கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் காணாமல் போன ஒரு சிறிய கப்பல் திடீரென்று திரும்பி வருகிறது. தாய்க்கப்பல் “நீ யார், இத்தனை நாள் எங்கே போனாய்?” என்று கேட்கவே இல்லை. பாஸ்வேர்ட் கிடையாது. கதவைத் திறந்து உள்ளே விட்டுவிடுகிறது. இதைப் பலர் கேலி செய்வார்கள். என்னைக் கேட்டால் படத்திலேயே மிகவும் நம்பக்கூடிய காட்சி இதுதான்.

எத்தனை வீடுகளில் வைஃபை பாஸ்வேர்ட் வாங்கிய நாளில் இருந்து மாறாமல் இருக்கிறது? எத்தனை பேர் யாரோ கொடுத்த பென் டிரைவை யோசிக்காமல் சொருகுகிறோம்? 2017 மே மாதம் ‘வான்னாகிரை’ வைரஸ் உலகம் முழுவதும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு தாய்க்கப்பலைக் கெடுத்தால் உலகம் முழுவதும் உள்ள கப்பல்களின் கவசம் ஒரே நேரத்தில் இறங்குமா? இதற்கும் ஒரு நிஜ உதாரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு தவறான அப்டேட் போய்ச் சேர்ந்ததும், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டி நின்றன. விமான நிலையங்கள் உட்பட. அது வைரஸ்கூட இல்லை, பிழை. எல்லோரும் ஒரே இடத்தை நம்பியிருந்தால் ஒரே இடத்தில் விழுவோம் என்பதைப் படம் 1996-லேயே காட்டிவிட்டது.

நாம் சிரித்த காட்சி உண்மையாகவும் இருக்கலாம். 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் ஒரு சிறுமி கம்ப்யூட்டர் திரையில் முப்பரிமாணப் பெட்டிகளைப் பார்த்ததும், இது யூனிக்ஸ் என்பாள். பலர் கிண்டல் செய்த காட்சி. ஆனால் திரையில் தெரிந்தது சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் நிஜமான புரோகிராம். யூனிக்ஸ் வகை சிஸ்டத்தில்தான் அது ஓடியது. சிறுமி சொன்னது சரி.

இதனால் உங்களுக்கு என்ன?

சினிமா வைரஸ் எப்படி இருக்கும்? திரை முழுக்கச் சிவப்பு, அபாயச் சங்கு, சிரிக்கும் மண்டையோடு. நிஜ வைரஸ்களில் பெரும்பாலானவை இதில் ஒன்றையும் செய்யாது. சத்தமில்லாமல் பாஸ்வேர்டைத் திருடும். கம்ப்யூட்டர் வழக்கம் போல ஓடும். பணம் கேட்டு மிரட்டும் வகை வைரஸ் திரையில் செய்தி காட்டும்தான். ஆனால் அதற்குள் உங்கள் பைல்களைப் பூட்டி முடித்திருக்கும்.

இந்த சினிமா பயத்தை வைத்துப் பிழைக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இன்டர்நெட்டில் ஒரு சமையல் குறிப்பைத் தேடினார். திடீரென்று திரை முழுவதும் சிவப்பு. சைரன் சத்தம். “உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்” என்று எச்சரிக்கை. அவர் போன் செய்தார். மறுமுனையில் மிகவும் மரியாதையாகப் பேசியவர் ஒரு சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யச் சொன்னார். அரை மணி நேரத்தில் சேமிப்பில் இருந்து நாற்பதாயிரம் ரூபாய் போய்விட்டது. அவர் கம்ப்யூட்டரில் அதுவரை வைரஸே இல்லை. அவர் பார்த்தது ஒரு சாதாரண வெப் பக்கம். சினிமாவில் வைரஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்து, அதே மாதிரி வரைந்திருந்தார்கள்.

“சினிமாதானே” என்று சொல்லும் முதல் கட்சியோடு நான் ஒத்துப்போகாததற்குக் காரணம் இதுதான். படத்தில் பார்ப்பது மனதில் தங்கிவிடுகிறது. கம்ப்யூட்டர் பற்றி வேறு யாரும் சொல்லித் தராதபோது சினிமாதான் நமக்கு வாத்தியார்.

ஆகவே புதியவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வெப் பக்கம் சைரன் அடித்தால் பயப்படாமல் ஆல்ட், எப்4 கீகளைச் சேர்த்து அழுத்தி மூடுங்கள். மூடவில்லை என்றால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடுங்கள். திரையில் வரும் எந்த எண்ணுக்கும் போன் செய்யாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். முக்கியமான பைல்களுக்கு வேறு ஒரு டிரைவில் காப்பி வைத்திருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

‘இன்டிபென்டன்ஸ் டே’ படத்தைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள், நல்ல பொழுதுபோக்கு. வைரஸ் ஏறும் காட்சி வரும்போது பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் “இது எப்படி முடியும்?” என்று ஒரு கேள்வி போடுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் இருந்து, கம்ப்யூட்டரை அவர்கள் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.