சர்வகலாசாலையும் மலைவாசிகளும்

திருநெல்வேலிச் சர்வகலாசாலை 1990-ல் ஏற்பட்டது. அதற்கு மனோன்மணியம் சுந்தரனாரின் பெயரை வைத்தார்கள். புராணக் கணக்கை நம்பாமல் ஆராய்ச்சியைக் கொண்டு சம்பந்தர் காலத்தை நிர்ணயிக்க முற்பட்ட அறிஞர் அவர். அப்பேர்ப்பட்டவர் பெயரைத் தாங்கிய இடத்தில் 2020 நவம்பரில் நடந்ததென்ன?

பஸ்தார் காட்டு ஆதிவாசிகளிடையே சென்று வந்து அருந்ததி ராய் எழுதிய புத்தகம் ஒன்று, 2017 முதல் எம்.ஏ. ஆங்கில வகுப்புக்குப் பாடமாக இருந்தது. அகில பாரதீய வித்யார்த்தி பரிஷத்தார் ஆட்சேபித்ததும் அதை எடுத்துவிட்டு, மா. கிருஷ்ணனுடைய இயற்கைக் கட்டுரைகளை வைத்தார்கள். கிருஷ்ணன் மீது நமக்குக் குறையில்லை. ஆனால், பாடத்துக் காட்டில் யானை இருக்கலாம், பறவை இருக்கலாம், மனிதன் மாத்திரம் இருக்கக் கூடாதா என்று கேட்கின்றோம்.

அப்புத்தகம் பலாத்காரத்தைப் புகழ்கிறது என்கிறார்கள். அப்படியானால் மறுப்புப் புத்தகம் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் படித்து முடிவு செய்யச் சொல்வதல்லவா யோக்கியமான காரியம்? எம்.ஏ. படிப்பவர்கள் பால்குடிக் குழந்தைகளா?

நிற்க, பஸ்தார் தூரத்திலிருக்கிறது. தாமிரவருணி பிறக்கும் மலையிலேயே காணிகள் வசிக்கின்றார்கள். மூலிகை வைத்தியமெல்லாம் அகஸ்தியர் அருளியது என்று நம் ஜனங்கள் கதை படிக்கின்றார்கள். 1987-ல் மலையின் கேரளப் பக்கத்தில், களைத்துப்போன ஆராய்ச்சிக்காரர்களுக்கு ஆரோக்கியப்பச்சையின் காயைத் தின்னக் காட்டியவர் எந்த ரிஷி? வழி காட்டிச் சென்ற காணிகளே யன்றோ! அதிலிருந்து மருந்து செய்யும் உரிமை 1995-ல் ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டபோது, வரும்படியில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாயிற்று. அறிவு யாருடையது என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? இருந்தும் மலைக்குப் பேர் அகஸ்தியர் மலைதான்!

அமெரிக்காவில் வடக்கு டகோட்டா சர்வகலாசாலை, சூ என்னும் ஆதிக்குடிகளின் பேரைத் தன் விளையாட்டுக் கோஷ்டிக்குச் சூட்டி வெகுகாலம் அனுபவித்தது. ஸ்டாண்டிங் ராக் குடியினர் போன்றோர் எதிர்த்தார்கள். 2012-ல் அம்மாநில வோட்டர்களே அப்பேர் வேண்டாமென்று தீர்ப்பளித்தார்கள். அங்கே பேரை எடுத்துக்கொண்டு மக்களை விட்டார்கள். இங்கே மக்களின் கதையையே வெளியே தள்ளினார்கள்.

ஆகவே தோழர்களே! சர்வகலாசாலை உங்கள் வரிப்பணத்தில் நடப்பது. எந்தக் கூட்டம் கூச்சலிட்டாலும், காரணம் கேட்காமல் புத்தகத்தை எடுக்கக் கூடாது என்றும், காணிகளின் அறிவைக் காணிகளின் பேராலேயே பாடமாக்க வேண்டும் என்றும் ஊர்தோறும் கூட்டங்கூடித் தீர்மானம் செய்யுங்கள். பயந்து பாடம் நடத்துகிற இடத்துக்குச் சுந்தரனார் பேர் எதற்கு?