சிலேட்டு வந்த வழி



அமெரிக்காவில் குடியேறிய நம் நாசரேத்து ஊர்ப் பிள்ளைகள் வீட்டுக்கு எழுதும்போது, "இங்கேயும் ஒரு நாசரேத் இருக்கிறது" என்று ஒரு வரி சேர்ப்பதுண்டு. அது பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத். 1740இல் மொரேவிய சபையார் குடியேறி உருவாக்கிய ஊர். அதே சபையார் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து 'சகோதரர் தோட்டம்' அமைத்து, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்கள். கிட்டார் வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கும் பேரன் உங்கள் வீட்டில் இருந்தால் 'மார்ட்டின்' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். அந்தக் கம்பெனியும் அந்த நாசரேத்தில்தான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது கிட்டாரைப் பற்றி அல்ல, கல்லைப் பற்றி. அந்த ஊரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குவாரிகளும் சிமென்ட் ஆலைகளும்தான். 1900ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் தயாரான போர்ட்லண்ட் சிமென்டில் பாதிக்கும் மேல் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்தே போயிற்று. ஊரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் பாறையின் நிறமே மாறிவிடும். பாங்கர், பென் ஆர்கில், ரொசேட்டோ எல்லாம் சிலேட்டுக்கல் வெட்டிப் பிழைத்த ஊர்கள். கூரைக்குக் கல் ஓடு, வகுப்பறைக்குக் கரும்பலகை, பிள்ளைகள் கைக்குச் சிலேட்டு என்று அந்தப் பள்ளங்களிலிருந்து போனது.

ஐம்பதைத் தாண்டிய நமக்கெல்லாம் 'அ' போடக் கற்றுத்தந்தது சிலேட்டுதானே. எச்சில் தொட்டு அழித்தால் டீச்சரிடம் அடி விழும் என்று கோவை இலை பறித்துக்கொண்டு போன கூட்டம் நாம். நம் நாட்டில் சிலேட்டுக்குப் பேர்போன ஊர் ஆந்திராவின் மார்க்காபூர். சிலேட்டுக் குச்சிக்கு மத்தியப் பிரதேசத்தின் மண்ட்சோர். அந்தக் குச்சியை அறுத்தவர்கள் பலர் கல் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து சிலிக்கோசிஸ் வந்து இள வயதிலேயே செத்தார்கள். அது தெரியாமல்தான் நாம் குச்சியைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தோம்.

ரொசேட்டோவுக்கு வருகிறேன். இத்தாலியின் தெற்கே ரொசேட்டோ வல்ஃபொர்த்தோரே என்ற மலைக்கிராமம். நிலம் பிறர் கையில், எழுத்து தெரியாது, பஞ்சம் மட்டும் சொந்தம். 1882இல் அங்கிருந்து பதினொரு பேர் கப்பலேறி நியூயார்க் வந்து இறங்கினார்கள். பாங்கர் பக்கத்தில் சிலேட்டுக் குவாரியில் வேலை கிடைத்தது. ஊருக்குச் செய்தி போனதும் அண்ணன் தம்பி, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். குவாரியில் மேஸ்திரி வேலையும் நல்ல கூலியும் முன்னமே வந்துவிட்ட வேல்ஸ்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும். பிந்தி வந்த இத்தாலியருக்குக் கல் சுமக்கும் வேலை. குடியிருக்கவும் நல்ல இடம் கிடைக்கவில்லை. யாரும் வேண்டாத ஒரு பாறைச் சரிவை வாங்கி, தங்கள் கையால் கல் வீடு கட்டி, விட்டுவந்த ஊரின் பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

பாஸ்குவாலே தெ நிஸ்கோ என்ற இளம் பாதிரியார் 1890களின் பின்பகுதியில் அங்கே வந்தார். அவர் பிரசங்கத்தோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த கரட்டைத் திருத்தச் சொல்லி, விதையும் கிழங்கும் கையில் கொடுத்தார். வெங்காயம், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பழமரங்கள் எல்லாம் வளர்ந்தன. குவாரியில் கூலி நின்றாலும் அடுப்பு நிற்காமல் இருக்க ஒரு வழி பிறந்தது. 1912இல் அந்தக் குடியிருப்பு தனி நகராட்சி ஆயிற்று. அமெரிக்காவில் இத்தாலியரே நிர்வகித்த முதல் ஊர் என்கிறார்கள்.

பிறகு கல்லுக்குக் கெட்ட காலம் வந்தது. மலிவான தார் அட்டைகள் கூரையேறின. 1929இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில் வீடு கட்டுவதே நின்றது. குவாரிகள் வாரத்தில் சில நாள் ஓடின, சில மூடிக்கொண்டன. அந்தச் சமயத்தில் பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியது சம்மட்டி பிடித்த கை அல்ல. நியூயார்க் வியாபாரிகள் கூலி குறைந்த இடம் தேடி அந்தப் பக்கம் தையல் கூடங்களைத் திறந்திருந்தார்கள். குவாரிக்காரன் மனைவியும் மகளும் ரவிக்கை தைக்கப் போனார்கள். அதுவும் சொர்க்கம் அல்ல. 1933இல் அந்தப் பள்ளத்தாக்கின் சட்டைக் கம்பெனிகளில் சிறுவர் சிறுமியரே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளுநரின் மனைவி கொர்னேலியா பின்ச்சாட் அவர்களோடு சேர்ந்து மறியலில் நின்றார். ஓர் ஆளுநர் வீட்டம்மா மறியலில் நின்ற செய்தியைப் படித்துவிட்டு நம்மூர் நிலவரத்தை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

1960களில் ரொசேட்டோவில் மாரடைப்பு குறைவாக இருப்பதைக் கண்டு ஸ்டூவர்ட் உல்ஃப், ஜான் புருன் என்ற இருவர் ஆராய்ந்து, ஊர் ஒற்றுமையே காரணம் என்றார்கள். இப்போது அதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். கூட்டுக் குடும்பம், சேர்ந்து உண்பது, சபை ஐக்கியம் என்று நம் பிரசங்கங்களிலும் வருகிறது. சரிதான். ஆனால் அந்த ஒற்றுமையின் பின்னால் பாறைச் சரிவு, தோட்டம், தையல் மெஷின் எல்லாம் இருந்ததைச் சொல்பவர் குறைவு. பசித்த வயிற்றுக்கு ஒற்றுமை மட்டும் போதுமென்று நான் நம்பவில்லை.

நம் பக்கம் வருவோம். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுக்க நிவாரண வேலை என்றால் பல இடங்களில் கல்லுடைப்பதுதான். விவசாயக் குடும்பங்கள் குழந்தை குட்டியோடு சாலையோரம் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக் குவித்தன. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. மாகாணத்துச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஒன்றரை பவுண்டு தானியத்தோடு காய்கறியும் பருப்பும் கொடுக்காவிட்டால் கல்லுடைப்பவன் கல்லோடு கல்லாகச் சாய்ந்துவிடுவான் என்ற கருத்தில் மல்லுக்கு நின்றார். கூலியைக் கூட்ட அரசாங்கம் சம்மதிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன.

அந்தப் பஞ்சம் தொடங்கிய 1876இல்தான் மிஷனரி ஆர்தர் மர்காஷிஸ் ஐயர் நம் நாசரேத்துக்கு வந்தார். பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு அவர் விடவில்லை. 1878இல் தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல் என்று பிள்ளைகள் கையில் ஒரு வேலை ஏறியது. தெ நிஸ்கோ விதை கொடுத்தார், நம் ஐயர் உளி கொடுத்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனாலும் ஒரே முதலாளியை நம்பி நிற்கும் குடும்பம் ஒரே அடியில் விழுந்துவிடும் என்பதை இருவருமே கண்டிருந்தார்கள்.

நம் கடற்கரையே கல்லால் நிற்கிறது என்பதைத் துறைமுகத்துக்குப் போனவர்கள் கவனித்திருக்கலாம். 1974இல் தூத்துக்குடிப் புதுத் துறைமுகம் திறந்தது. வடக்கு அலைத்தடுப்பு நான்கு கிலோமீட்டருக்கும் மேல், தெற்கு அதைவிடச் சற்றுக் குறைவு. கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய கரைகள் அவை. முத்துக் குளித்தவர்களைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இந்தக் கல்லை உடைத்து லாரி ஏற்றியவர்களைப் பற்றி நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

தமிழ்நாட்டில் கல்லுடைப்பைப் பரம்பரைத் தொழிலாகச் செய்தவர்களில் போயர் மக்கள் முக்கியமானவர்கள். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எங்கே கிணறு வெட்டு, எங்கே பாறை உடைப்பு என்று கேட்டுக் குடும்பத்தோடு நகர்ந்துகொண்டே இருந்தவர்கள். ஆண் வெடிக்குக் குழி போடுவான், பெண் ஜல்லி உடைப்பாள், குழந்தை வேப்பமரத்து ஏணையில் ஆடும். இந்த வாழ்க்கையின் அச்சாணி அட்வான்ஸ். கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கிய முன்பணம் கூலியில் கழியாது. வேலை இருந்தால் கொஞ்சம் குறையும். மழைக்காலத்திலோ மந்தத்திலோ குவாரி நின்றால் சாப்பாட்டுக்கு மறுபடி வாங்க வேண்டும். கல் விலை இறங்கும், ஏறும். அட்வான்ஸ் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு உயிர் கொடுத்தது ஒரு கடிதம். டெல்லியை ஒட்டிய ஃபரிதாபாத் குவாரிகளில், வேறு மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்து சிக்கிய குடும்பங்களின் நிலையைப் பற்றி சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா உச்ச நீதிமன்றத்துக்கு எழுதியது. நீதிபதி பி. என். பகவதி அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்றார். 1983 டிசம்பர் 16இல் தீர்ப்பு வந்தது. குடிக்க நல்ல தண்ணீர், தூசியை அடக்க ஏற்பாடு, மருத்துவ வசதி என்று நீதிமன்றம் வரிசையாக உத்தரவிட்டது. நல்ல தண்ணீருக்கும்கூட உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்த வேலை அது.

ஆனால் என் மனதில் நிற்பது புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் பரவியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். குவாரிகளில் அடிமைபோல உழைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார். ஏறத்தாழ 4,000 ஏழைப் பெண்கள் குத்தகைதாரர் ஆனார்கள். கையெழுத்துப் போடக் கற்றவர்கள் கணக்கு எழுதினார்கள், லோடு எண்ணினார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். சைக்கிள் கதையை எல்லோரும் கொண்டாடினோம். குத்தகைக் கதையை அவ்வளவாகப் பேசவில்லை. சைக்கிளால் யாருக்கும் நஷ்டமில்லை, குத்தகையால் காண்டிராக்டருக்கு நஷ்டம். அந்தப் பழைய கைகள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் கூலி கொடுப்பவன் கையிலிருந்து கணக்கு நோட்டு கூலி வாங்குபவள் கைக்கு வந்ததே, அதைவிடப் பெரிய எழுத்தறிவு எனக்குத் தெரியவில்லை.

பிழைக்க நாம் வெளியே போன கதையை மறப்பதில்லை. 1930களின் மந்தத்தில் மலாயாவில் ரப்பர் விலை சரிந்ததும், இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தோட்டத் தொழிலாளர்களை, பெரும்பாலும் தமிழர்களை, கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். வேலை இருந்தால் வா, இல்லாவிட்டால் போ என்பதுதான் கணக்கு. இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பிள்ளைகள் நம் பக்கம் கல்லுக்கும் கிரஷருக்கும் கட்டடத்துக்கும் வருகிறார்கள். திருநெல்வேலி, தென்காசி பக்கம் பஸ்ஸில் போனால் மலையைக் கரைத்துக்கொண்டு போகும் லாரிகளைப் பார்க்காமல் இருக்க முடியாது. 2022 மே 14 இரவு திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள். ஏறத்தாழ முந்நூறு அடிப் பள்ளம். நால்வர் இறந்தார்கள், கடைசி உடலை எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. அவர்கள் நம் ஜில்லாக்காரர்கள் என்பதால் வீட்டார் குவாரி வாசலிலேயே காத்துக்கிடந்தார்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவனுக்கு அப்படியொன்று நேர்ந்தால் வாசலில் நிற்க யார் இருப்பார்கள்?

'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது. சொந்த ஊர் கார்டை வைத்து வெளிமாநிலக் குடும்பம் இங்கேயே அரிசியும் கோதுமையும் வாங்கலாம். இது அவர்களில் பலருக்குத் தெரியாது, நம்மில் பலருக்கும் தெரியாது. உங்கள் வீடு கட்ட வந்திருக்கும் தம்பியிடம் கார்டு இருக்கிறதா என்று கேட்டு, கடைக்கு ஒருமுறை கூட்டிப்போக ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகளோடு வந்தவர்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தைக் காட்டுங்கள். நடுவில் வந்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியர்களில் நம் வாசகர்கள் நிறையப் பேர் இருப்பதால் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த இதழில் கல்லுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது துறைமுகக் கரைக்குக் கல் ஏற்றியிருந்தால், குவாரியில் மேஸ்திரியாகவோ கணக்கராகவோ இருந்திருந்தால், சம்மட்டி பிடித்த பாட்டி இன்னும் திண்ணையில் இருந்தால், உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். நாள் கூலி எவ்வளவு, அட்வான்ஸ் எப்போது கழிந்தது, மழைக்காலத்தில் என்ன சமைத்தார்கள் என்பதையும் கேளுங்கள். எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், அதற்குத்தான் நான் இருக்கிறேன். மாதக் கடைசிக்குள் கிடைத்தால் அச்சுக்குக் கொடுக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்