விண்டோஸ் 10 முடிஞ்சாச்சு... அந்த அரசு லேப்டாப்பை என்ன செய்வது?

பழவேற்காடு ஏரிப் பக்கம் காட்டூரில் ஒரு வீடு. ப்ளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் இன்னும் ஓடுதுன்னு வெச்சுக்குவோம். அதில் இருப்பது விண்டோஸ் 10 என்றால் சிக்கல். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். விண்டோஸ் 11-க்குப் போகலாம்னா டிபிஎம் 2.0 வேண்டும், பத்து வருஷப் பழைய மெஷினில் பெரும்பாலும் அது இருக்காது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி-க்கு இதே கதி வந்தபோது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' பக்கம் போகச் சொன்னது தமிழக அரசு. இலவச லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு லினக்ஸும் போட்டே கொடுத்தார்கள். நம்மில் எத்தனை பேர் திறந்து பார்த்தோம்?

இப்போது பார்க்கலாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புக்கு 2 ஜிபி ரேம் போதும், 4 இருந்தால் நிம்மதி. பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம்: வைஃபை, பிரிண்டர் வேலை செய்யுதா? செய்தால் போட்டோ, சர்டிஃபிகேட்களை வேறு இடத்தில் காப்பி எடுத்த பிறகே இன்ஸ்டால் பண்ணுங்க. டேலி, போட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். அவை லினக்ஸில் நேரடியாக ஓடாது.