"இன்னும் வேலை கிடைக்கல்லையா?"

வீட்டுக்கு வரும் உறவினர்கள் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்ததும் என் ராத்தாவிடம் கேட்கும் முதற் கேள்வி இதுதான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் வணிக முகாமைத்துவம் படித்துப் பட்டம் பெற்று இரண்டு வருடங்களாகிவிட்டன. குச்சவெளியில் இருந்தபடி, ஒரு போனை வைத்துக்கொண்டு இணையத்தில் வேலை தேடுகிறார்.

அவரது கொப்பியில் 74 விண்ணப்பங்கள் பதிவாகியுள்ளன. பதில் வந்தவை 11. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்தவை 3.

வெள்ளிக்கிழமைகளில் வர்த்தமானி வெளிவந்ததும் வெற்றிடங்களைத் தேடுவார். மற்ற நாட்களில் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்கள். பார்ப்பவர்களுக்கோ அவர் "எந்த நேரமும் போனும் கையுமாக" இருப்பவர்!

நம் பெற்றோரில் பலருக்கு அரசாங்க வேலை மட்டுந்தான் வேலை. அதற்காக 2017இல் பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார்கள். 2020இல் 50,000 பட்டதாரிகளுக்கு நியமனம் வழங்கும் திட்டம் வந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அப்படியொன்றை எதிர்பார்த்து வீட்டில் இருக்க முடியுமா?

முதல் நாற்பது விண்ணப்பங்களுக்கும் ராத்தா ஒரே சுயவிவரக் கோவையைத்தான் அனுப்பினார். ஒரு பதிலும் இல்லை. எட்டாவது மாதத்தில் இரண்டு கிழமை போனைத் தொடவேயில்லை. சாப்பாடும் குறைந்தது. உம்மா துஆக் கேட்டபடியே இருந்தார். வாப்பாதான் ஒருநாள் வலையோடு திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்:

"வாடைக் காலத்தில நான் கடலுக்குப் போறல்ல. வலை பொத்திக்கிட்டு இருக்கன். அப்ப என்ன ஆராவது வேலையில்லாதவன் எண்டு சொல்லுறாங்களா மகள்?"

அதன்பிறகு ராத்தா தன் வலையைப் பொத்தத் தொடங்கினார். ஒவ்வொரு விளம்பரத்தையும் ஆறுதலாக வாசித்து, அதற்கேற்பக் கோவையை மாற்றி எழுதினார். எக்செல் பழகினார். இரவில் என்னோடு ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார். நான் சிரித்தால் குட்டு விழும். அந்த 11 பதில்களும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

நம்பிக்கை ஏமாறவும் வைக்கும். தாய்லாந்தில் கணினி வேலை, பெரிய சம்பளம், டிக்கெட் இலவசம், நேர்முகம் கிடையாது என்று ஒரு செய்தி வந்தது. ஓர் இரவு முழுக்க ராத்தா அதையே யோசித்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட விளம்பரங்களை நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவடி மோசடி முகாம்களில் அடைபட்டு, 2024இல் மீட்கப்பட்டதை நாம் செய்திகளில் பார்த்தோம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேட்பதில் வெட்கம் எதுவுமில்லை.

அடுத்த வருடம் நான் உயர்தரப் பரீட்சை எழுதுகிறேன். "மூத்தவள் படிச்சு என்னத்தக் கண்டாள், இவள் படிக்க?" என்று மாமா கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பெற்றோரே, உங்கள் பிள்ளை வேலை தேடுவதையும் ஒரு வேலையாகவே மதியுங்கள். ஒரு மேசை, இரண்டு மணிநேர அமைதி, டேட்டாவுக்குக் கொஞ்சம் காசு கொடுங்கள். "கிடைத்ததா?" என்பதை விட்டு, "இன்றைக்கு எதற்கு அனுப்பினாய்?" என்று கேளுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை ராத்தாவுக்கு நான்காவது நேர்முகம், போனிலேயே. அன்று வரும் உறவினர்களுக்குத் திண்ணையிலேயே தேநீர் கொடுத்து அனுப்புவது என் பொறுப்பு.