'சொல்லு, சொல்லு'ன்னா பேச்சு வந்துடுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தலைப்புகளில் "ஆட்டிசம் குழந்தைகளுக்கான ஆப்" அடிக்கடி கண்ணில் படும். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். ஆப்பிள் படம் வரும், "வாட் இஸ் திஸ்?"னு ஒரு குரல் கேட்கும், குழந்தை "ஆப்பிள்" சொன்னா ஒரு ஸ்டார். டெமோவுக்கு அழகா இருக்கும். அதே குழந்தை பசிக்கும்போது தானா வந்து "ஆப்பிள் வேணும்"னு கேட்குமா?

வைவாவுக்கு மனப்பாடம் பண்ணிட்டுப் போறவங்களை நமக்கெல்லாம் தெரியும். கேள்வியை அப்படியே கேட்டா பதில் கொட்டும், கொஞ்சம் மாத்திக் கேட்டா அமைதி. ஸ்கின்னர் 1957-ல் எழுதிய 'வெர்பல் பிஹேவியர்' புத்தகத்தில் பொருளுக்குப் பேர் சொல்றதையும் (டாக்ட்), வேணும்னு கேட்கிறதையும் (மாண்ட்) தனித்தனியா பிரிக்கிறார். வார்த்தை ஒண்ணுதான், வேலை வேற.

நம்ம தமிழ்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு. அம்மா தினமும் "தண்ணி வேணுமா?"ன்னு கேட்பாங்க. தாகம் எடுத்தா குழந்தையும் "தண்ணி வேணுமா"ன்னே சொல்லும். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் இந்தப் பழக்கத்தை 1943-லயே, 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் லியோ கானர் குறிப்பிட்டிருக்கிறார். கிளிப்பிள்ளைப் பேச்சுன்னு ஒதுக்கிடுறோம். ஆனா அந்த வாக்கியத்தைச் சொன்னா தண்ணி வரும்னு குழந்தை கண்டுபிடிச்சிருக்கே! தாம்பரம்–பீச் ட்ரெயின்ல வர்ற "அடுத்த நிலையம்" அறிவிப்பை நாள் முழுக்க ஒப்பிக்கிற குழந்தை, "வெளியே போலாம்"னு கேட்டுக்கிட்டு இருக்கலாம்.

அதனால கேள்வியைக் குறைச்சு, குழந்தை சொல்ல வேண்டியதையே நாம சொல்லணும். டம்ளரைக் கொடுக்கும்போது "தண்ணி வேணும்." சில நாள் கழிச்சு, டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு வாயே திறக்காம அஞ்சு, பத்து செகண்ட் காத்திருக்கணும். ஒரு பார்வை, ஒரு கை நீட்டல் வந்தாலும் கொடுத்துடணும். அழவிட்டுப் பேச வைக்கக் கூடாது. கேட்க சுலபம், ஆனா சொந்தக்காரங்க நாலு பேர் சுத்தி நின்னு "சொல்லுடா கண்ணா, சொல்லு"ங்கிற வீட்ல அந்தப் பத்து செகண்ட் கிடைக்கிறதுதான் கஷ்டம்.

"வீட்ல இங்கிலீஷ் மட்டும் பேசுங்க"ங்கிற அறிவுரை வேற. ரெண்டு மொழி கேட்கிறதால இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு மேலும் தாமதமாகும்னு ஆய்வுகள் காட்டல. பாட்டிகிட்ட தோசை கேட்க உதவாத மொழியை வச்சு மூணு வயசுக் குழந்தை என்ன பண்ணும்?

நம்ம ஊர்லயே நல்ல உதாரணம் இருக்கு. ஐஐடி மெட்ராஸ்ல படிச்ச அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்'. படத்தைத் தொட்டா அது பேசும். குழந்தையைச் சோதிக்காது, அது சொல்ல வர்றதுக்குக் குரல் கொடுக்கும். மெஷின் பேசினா குழந்தை பேசாம போயிடும்னு பயம் வேண்டாம். 2014-ல் கோனி கசாரி குழு 5 முதல் 8 வயதுள்ள 61 குழந்தைகளோட ஒரு ஆய்வு பண்ணாங்க. பேசும் கருவியை ஆரம்பத்துலேர்ந்தே சேர்த்துக்கிட்ட குழுவில், தானாகவே எதையாவது சொல்றது அதிகமா இருந்தது.

தலைப்பைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி, அனுமதி வாங்கிட்டு முட்டுக்காடு தேசிய நிறுவனத்துக்கு (என்ஐஇபிஎம்டி) ஒரு தடவை போய், அங்க இருக்கிற பேச்சுப் பயிற்சியாளர்கள்கிட்ட என்ன வேணும்னு கேளுங்க. அப்புறம் உங்க ஆப் சரியான பதில்களை எண்ண வேண்டாம். யாரும் கேட்காம வந்த வார்த்தைகளை எண்ணட்டும். முதல் ரிவ்யூவில் அந்த எண் பூஜ்யமாவே இருக்கலாம், அதையும் ஸ்லைடுல போடுங்க.